சால்வே கடலோரக் குன்றுகள்: நடக்கப் போகிறவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்விகள்

ஸ்காட்லாந்தில் மலை ஏறப் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கிளென் கோ, பென் நெவிஸ், ஸ்கை தீவு என்று வடக்கு நோக்கியே வண்டியை விடுகிறார்கள். இங்கிலாந்து எல்லையைத் தாண்டியவுடன் மேற்கே திரும்பினால் வரும் தென்கரை பலருக்குப் பெயரளவில்கூடத் தெரியாது. நான் இந்தப் பக்கம் குடியிருப்பதால் கிளாஸ்கோவிலிருந்தும் மான்செஸ்டரிலிருந்தும் நம்மவர்கள் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் தொனியிலேயே விட்டிருக்கிறேன்.

தென்கரை, தென்கரை என்கிறீர்களே, அது சரியாக எங்கே இருக்கிறது?

ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்தின் கம்பிரியாவுக்கும் நடுவே கடல் ஆப்பு அடித்ததுபோல உள்ளே நுழைந்திருக்கிறது. அதுதான் சால்வே கழிமுகம். அதன் வடகரை முழுவதும் டம்ஃப்ரீஸ்-கேலோவே வட்டாரம். டம்ஃப்ரீஸ் நகரிலிருந்து ஏ75 சாலையில் மேற்கே போனால் கேட்ஹவுஸ் ஆஃப் ஃப்ளீட், நியூட்டன் ஸ்டூவர்ட், ஸ்ட்ரான்ரார் என்று ஊர்கள் வரும். நிலம் கடைசியாக முடியும் இடம் மல் ஆஃப் கேலோவே. ஸ்காட்லாந்தின் தெற்குக் கோடி அதுதான்.

இந்தக் கரையை ஒட்டி, பல இடங்களில் கரையிலிருந்தே எழுந்து நிற்கும் குன்றுகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு. கிழக்குக் கரையில் வடகடலைப் பார்த்து நிற்கும் குன்றுகளும் தென் ஸ்காட்லாந்தில் உண்டு. அவற்றை இதில் சேர்க்கவில்லை.

நீங்கள் சொல்லும் கிரிஃபெல் குன்று 569 மீட்டர்தானாமே? இதற்குப் போய் இவ்வளவு பேச்சா?

உயரத்தை மட்டும் பார்த்தால் நியாயமான கேள்விதான். வடக்கே ஆயிரம் மீட்டருக்கு மேல் நூற்றுக்கும் அதிகமான மலைகள் இருக்கின்றன. ஆனால் அங்கே பல மலைகளின் உச்சியில் நின்றால் எதிரே தெரிவது இன்னொரு மலை. அதற்குப் பின்னால் இன்னொன்று. கிரிஃபெலின் தெற்கே ஒன்றுமே இல்லை. அடிவாரத்திலேயே கடல். கடலுக்கு அப்பால் இன்னொரு நாடு.

இன்னொன்றும் உண்டு. வண்டி நிறுத்தும் இடம் ஏறக்குறைய கடல்மட்டத்திலேயே இருப்பதால், 569 மீட்டரில் ஏறத்தாழ 540 மீட்டரை நீங்கள் கால்களால்தான் ஏற வேண்டும். பாதி உயரம்வரை கார் கொண்டுபோய் விடும் எண்ணூறு மீட்டர் மலையைவிட இது மூச்சு வாங்க வைக்கும். இந்தக் கரையில் மலையைத் தேர்ந்தெடுக்கும்போது அது கடலுக்கு எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். உயரம் அதற்குப் பிறகுதான்.

முதல் தடவையாகப் போகிறேன். எந்த மலை நல்லது?

எல்லாரும் கிரிஃபெல் என்றுதான் சொல்வார்கள். நான் ஸ்க்ரீல் என்பேன். உயரம் 344 மீட்டர். டல்பீட்டி ஊருக்குத் தெற்கே பால்நாக்கிக்கும் ஆக்கன்கெர்ன் கிராமத்துக்கும் இடையில் ஏ711 சாலையிலிருந்து விலகிச் சென்றால் காட்டுக்குள் வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது. முதலில் ஊசியிலைக் காட்டுக்குள் ஏற்றம், பிறகு பாறைகள் நிறைந்த செங்குத்தான துண்டு, அதன் பிறகு திறந்த முகடு. நிதானமாக நடந்தாலும் இரண்டரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம்.

முகட்டுக்கு வந்ததும் கீழே ஆக்கன்கெர்ன் விரிகுடாவும் அதன் வாயில் ஹெஸ்டன் தீவும் ரஃப் கழிமுகத்தின் வளைவுகளும் ஒரே நேரத்தில் திறக்கும். கிரிஃபெலில் கடல் பரந்து கிடக்கும். இங்கே கடல் நிலத்துக்குள் விரல்விட்டு நுழைந்திருப்பது தெரியும். எனக்கு இதுதான் பிடிக்கும். பக்கத்திலேயே 391 மீட்டர் பென்கெர்ன் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து நடக்கலாம், ஆனால் நடுவில் உள்ள தாழ்வில் சேறு உங்கள் பொறுமையைச் சோதிக்கும்.

சரி, கிரிஃபெலுக்கே போகிறேன். எங்கிருந்து ஏறுவது, எவ்வளவு நேரம் ஆகும்?

டம்ஃப்ரீஸிலிருந்து ஏ710 சாலையில் நியூ ஆபி கிராமத்தைத் தாண்டித் தெற்கே சில கிலோமீட்டர் போனால் ஆர்ட்வால் பண்ணைக்குத் திரும்பும் சிறு சாலை வரும். அங்கிருந்து கிரெய்க்ராக்கல் ஓடையை ஒட்டிப் பாதை நேராக மேலே போகிறது. வழி தவறுவது கடினம், ஏனென்றால் இங்கே யாரும் வளைந்து நெளிந்து பாதை போடவில்லை. போகவர ஆறேழு கிலோமீட்டர்.

நேரத்தைக் கணக்கிட வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு நூறு மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாகப் பத்து நிமிடம். அதன்படி கிரிஃபெலுக்கு இரண்டேகால் மணி நேரம் வரும். நைஸ்மித் சேற்றையும் சாப்பாட்டையும் படம் எடுப்பதையும் கணக்கில் சேர்க்கவில்லை. நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்.

வடக்கே 430 மீட்டர் நாக்கெண்டாக் முகடு வழியாகவும் இறங்கலாம். ஹெதர் புதர்களுக்கு நடுவே கரடுமுரடான இறக்கம். முதல் தடவை வேண்டாம், வந்த வழியே திரும்புங்கள்.

டிக்கெட் வாங்க வேண்டுமா? தனியார் நிலம் என்று பலகை இருந்ததே?

மலை ஏற டிக்கெட் எதுவும் கிடையாது. சில வண்டி நிறுத்துமிடங்களில் மட்டும் கட்டணம் உண்டு. நிலம் தனியாருடையதாக இருந்தாலும் ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் பெரும்பாலான நிலங்களிலும் உள்நாட்டு நீர்நிலைகளிலும் பொறுப்போடு நடமாடும் உரிமையை எல்லாருக்கும் கொடுத்திருக்கிறது. இங்கிலாந்தில் இவ்வளவு பரந்த உரிமை இல்லை. கம்பிரியாவில் நடந்து பழகியவர்கள் இங்கே வந்து தயங்குவது அதனால்தான்.

பொறுப்போடு என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வீட்டுத் தோட்டத்துக்குள் நுழையக் கூடாது. பயிரை மிதிக்கக் கூடாது. திறந்திருந்த கதவைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டுப்போக வேண்டும். பண்ணை வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்துவதுதான் உள்ளூர்க்காரர்களை உண்மையில் எரிச்சல்படுத்துகிறது. டிராக்டர் எந்த நேரமும் வரலாம்.

கார் இல்லை. ரயிலில் வந்தால் முடியுமா?

டம்ஃப்ரீஸ்வரை முடியும். கிளாஸ்கோ-கார்லைல் ரயில்பாதையில் அது ஒரு நிலையம். அங்கிருந்து நியூ ஆபிக்குப் பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை. திரும்பும் கடைசிப் பஸ்ஸின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி உங்கள் நாளைத் திட்டமிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் குறைவு.

டம்ஃப்ரீஸிலிருந்து ஸ்ட்ரான்ராருக்கு நேராகப் போன ரயில்பாதை 1965இல் மூடப்பட்டது. அது மட்டும் இருந்திருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். ஃப்ளீட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அதன் பெரிய பாலம் இன்னும் நிற்கிறது, ரயிலைத்தான் காணோம்.

சாதாரண ஷூ, ஜீன்ஸ் போதாதா?

ஸ்க்ரீலுக்கு, காய்ந்த கோடை நாளில், பிடிமானம் உள்ள ஷூ போதும். கிரிஃபெலுக்குப் போதாது. அது கருங்கல் மலை. தண்ணீர் உள்ளே இறங்க இடமில்லாமல் மேலே உள்ள கரிமண்ணில் தேங்கி நிற்கிறது. மழை நின்று மூன்று நாள் ஆனாலும் கால் புதையும். கணுக்காலை மூடும் நீர்புகாக் காலணியே சரி.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். ஒருமுறை நனைந்தால் காயாது, உடல்சூட்டை உறிஞ்சிவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும் என்ற கணக்கில் கிரிஃபெல் உச்சி அடிவாரத்தைவிட மூன்று நான்கு டிகிரி குளிரும். அதோடு கடற்காற்று சேரும். ஜூலையிலும் கையுறை பையில் இருக்கட்டும்.

உச்சியில் நின்றால் என்னதான் தெரியும்? விவரமாகச் சொல்லுங்கள்.

கிரிஃபெலில் டக்ளஸ் கெர்ன் என்ற பெரிய கற்குவியலும் பக்கத்தில் நில அளவைத் தூணும் இருக்கும். கிழக்கிலிருந்து தொடங்குங்கள். காலடியில் நித் ஆறு கடலில் கலக்கிறது. அதற்கு அப்பால் கேர்லாவராக் சதுப்புநிலம். குளிர்காலத்தில் அங்கே பார்னக்கிள் வாத்துகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவுகளில் குஞ்சு பொரித்துவிட்டு அக்டோபர் வாக்கில் இங்கே வந்து சேர்ந்து, வசந்தத்தில் திரும்புகின்றன. அந்தத் தீவுக்கூட்டத்துப் பார்னக்கிள் வாத்துகள் அனைத்துக்கும் குளிர்கால வீடு இந்தச் சால்வே கரைதான். 1940களில் சில நூறாகக் குறைந்திருந்த கூட்டம் பாதுகாப்பினால் பல்லாயிரமாகப் பெருகியது.

தென்கிழக்கே கடலைக் கடந்து கம்பிரியாவின் ஏரி மாவட்டத்து (லேக் டிஸ்ட்ரிக்ட்) மலைகள். முன்னால் துலக்கமாக நிற்பது ஸ்கிடா, 931 மீட்டர், சுமார் 45 கிலோமீட்டர் தூரம். தெற்கே கரையோரமாகக் கீழே பார்த்தால் சதர்னெஸ் முனை. அங்குள்ள வெள்ளைக் கலங்கரை விளக்கம் 1740களின் இறுதியில் கட்டப்பட்டது, ஸ்காட்லாந்தின் மிகப் பழையவற்றுள் ஒன்று. அமெரிக்கக் கடற்படையின் நாயகராகப் போற்றப்படும் ஜான் பால் ஜோன்ஸ் 1747இல் பிறந்த ஆர்பிக்லாண்ட் பண்ணையும் இந்த மலையடியில்தான். கடல் நடுவே குச்சிகள் நட்டதாகத் தெரிவது ராபின் ரிக் காற்றாலைகள். 2010இல் முழுமையாக இயங்கத் தொடங்கின. காட்சியைக் கெடுத்துவிட்டன என்று சிலர் குறைப்படுவார்கள். தூரத்தை அளக்க எனக்கு அவை உதவுகின்றன, அதனால் குறையில்லை.

தென்மேற்கே, அதிர்ஷ்டம் இருந்தால், ஐல் ஆஃப் மேன் தீவு. அதன் உச்சியான ஸ்னேஃபெல் 621 மீட்டர், இங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர். மேற்கிலும் வடக்கிலும் கேலோவே மேட்டுநிலங்கள் அலையலையாக. வடக்குப் பக்கத்தை யாரும் படம் எடுப்பதில்லை.

நான் போனபோது கடலே இல்லை. கண்ணுக்கு எட்டியவரை மணல்தான். ஏமாற்றிவிட்டீர்களே?

கடல் வெளியே போயிருந்த நேரத்தில் ஏறியிருக்கிறீர்கள். சால்வேயில் ஓதத்தின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏழெட்டு மீட்டர் இருக்கும். கழிமுகம் ஆழமில்லாத தட்டு. அதனால் தண்ணீர் இறங்கும்போது கிலோமீட்டர் கணக்கில் மணலும் சேறும் வெளிப்படுகின்றன. அதுவும் ஒரு காட்சிதான். தாழ்ந்த வெயிலில் ஓடைகள் அந்த மணலில் வரைந்த கோடுகள் மேலிருந்து மட்டுமே தெரியும்.

நீலக் கடல்தான் வேண்டும் என்றால் ஓத அட்டவணையைப் பார்த்து, உச்ச ஏற்றத்துக்கு அரைமணி முன்னதாக உச்சியில் இருக்கும்படி கிளம்புங்கள். வானிலையைப் பார்க்கிறவர்கள் பலர், ஓதத்தைப் பார்க்கிறவர்கள் சிலர்.

அப்படியானால் அந்த மணலில் இறங்கித் தீவுக்கு நடந்து போகலாமா?

வழி தெரிந்தவர் துணையின்றி வேண்டாம். மேலே சொன்ன ஏற்றம் திரும்பி வரும்போது தட்டையான மணலில் மிக வேகமாகப் பரவும். முதலில் உங்களுக்குப் பின்னால் உள்ள ஓடைகளை நிரப்பும். முன்னால் தண்ணீர் வருவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கரைக்குப் போகும் வழி மூடியிருக்கும். புதைமணலும் உண்டு. ராக்கிளிஃப் கிராமத்துக்கு எதிரே உள்ள ரஃப் தீவுக்கு வற்றத்தில் நடந்து போகிறவர்கள் உண்டு. மே, ஜூன் மாதங்களில் தரையில் முட்டையிடும் பறவைகளுக்காக அங்கே போகாமலிருக்கும்படி கேட்டுக்கொள்கிறார்கள்.

எத்தனை தடவை ஏறினாலும் மூடுபனிதான். எந்த நாள் தெளிவாக இருக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் உண்மையில் முக்கியமான கேள்வி. வானம் நீலமாக இருப்பதும் தொலைவு தெளிவாக இருப்பதும் வேறு வேறு. கோடையில் காற்றழுத்தம் உயர்ந்து, தென்கிழக்கிலிருந்து மெல்லிய காற்று வரும் நாட்களில் தலைக்கு மேல் ஒரு மேகம் இருக்காது. ஆனால் அந்தக் காற்று ஐரோப்பிய நிலப்பரப்பின் தூசையும் புகையையும் சுமந்து வருவதால் ஏரி மாவட்டம் பால்வெள்ளைத் திரைக்குப் பின்னால் போய்விடும். அதே நாளில் கூட்டம் கூடுதலாக இருக்கும்.

நல்ல நாள் என்பது மழை பெய்து ஓய்ந்த மறுநாள். குளிர்முகப்பு, அதாவது குளிர்ந்த காற்றின் முன்விளிம்பு, கடந்துபோனதும் வடமேற்கிலிருந்து துருவக் கடற்காற்று வரும். மழை தூசைக் கழுவிவிட்டிருக்கும், புதுக்காற்றிலும் தூசு இராது. இடையிடையே தூறல் விழும், குளிரும், ஆனால் மழைத் திரைகளுக்கு நடுவே ஐல் ஆஃப் மேனின் மடிப்புகள்கூடத் தெரியும். மலை வானிலைத் தகவல் சேவை தென் மேட்டுநிலங்களுக்கென்று தனியாக அன்றாட முன்னறிவிப்பு தருகிறது. அதில் உச்சிகள் மேகமின்றி இருக்கும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்றே போட்டிருப்பார்கள். அதை முதலில் பாருங்கள்.

ஸ்கிடா தொப்பி போட்டால் அது கிரிஃபெலுக்கு நன்றாகத் தெரியும் என்று இந்தக் கழிமுகத்தில் ஒரு பழமொழி உண்டு. அங்கே மேகம் உட்கார்ந்தால் இங்கேயும் மழைதான் என்பது பொருள். கரையோரச் சாலையில் வரும்போதே எதிர்க்கரையைப் பாருங்கள். ஸ்கிடாவின் தலை தெரியவில்லை என்றால் நியூ ஆபியில் தேநீர் குடித்துவிட்டு முடிவெடுக்கலாம்.

எந்த மாதத்தில் வருவது?

ஏப்ரல் இறுதி, மே, செப்டம்பர். ஜூனில் இரவு பத்து மணிவரைகூட வெளிச்சம் இருக்கும் என்பதால் வேலை முடிந்து மாலையில் ஏறலாம். டிசம்பரில் நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். தலைவிளக்கு இல்லாமல் குளிர்காலத்தில் ஏறாதீர்கள். கடல் பக்கத்தில் இருப்பதால் இந்தக் குன்றுகளில் பனி வடக்கே போல நாள்கணக்கில் தங்காது. ஆனால் ஈரப்பாறையில் உறைந்த மெல்லிய பனிக்கட்டி கண்ணுக்குத் தெரியாது, வழுக்கிவிடும்.

பாம்பு இருக்கிறதா? அந்தப் பொடிக் கொசு இங்கேயும் உண்டா?

பாம்பு உண்டு. ஆடர் என்ற ஒரே நச்சுப்பாம்பு இனம்தான் பிரிட்டனில் இருக்கிறது. வசந்தத்தில் வெயில் காய ஹெதர் ஓரமாகப் படுத்திருக்கும். காலடி அதிர்வு கேட்டால் விலகிவிடும். கடித்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஆனால் சாவு மிக மிக அரிது. கையால் தொடாதவரை பயம் வேண்டாம்.

மிட்ஜ் எனப்படும் பொடிக் கொசு மே முதல் செப்டம்பர்வரை காற்றில்லாத மாலைகளில் காட்டோரங்களில் மொய்க்கும். கடலோர முகடுகளில் காற்று வீசுவதால் தொல்லை குறைவு. நான் அதிகம் அஞ்சுவது உண்ணிக்குத்தான். உண்ணிக் கடியால் லைம் நோய் வரலாம். முழுக்கால்சட்டை அணியுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, குழந்தைகளின் தலைமுடி எல்லாவற்றையும் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் உண்ணி எடுக்கும் கருவியால் மெல்ல இழுத்து எடுங்கள். சில வாரங்களில் வட்டமாகச் சிவந்தால் மருத்துவரிடம் போங்கள்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு முட்டி வலி. அவர்களுக்கும் ஏதாவது காட்ட முடியுமா?

தாராளமாக. இரண்டு இடங்கள். ஒன்று, கிப்ஃபோர்டிலிருந்து ராக்கிளிஃபுக்குப் போகும் ஜூபிலி பாதை. மரநிழலில் சுமார் இரண்டு கிலோமீட்டர். வழியில் மோட் ஆஃப் மார்க் என்ற சிறு மேடு. ஆறாம் நூற்றாண்டு அளவில் ஓர் ஆட்சியாளரின் கோட்டையாக இருந்த இடம். உலோக வேலை நடந்ததற்கான தடயங்கள் அங்கே அகழ்வில் கிடைத்திருக்கின்றன. அதன் மேலே ஏறச் சில நிமிடங்கள் போதும், கழிமுகம் முழுவதும் தெரியும்.

இன்னொன்று மல் ஆஃப் கேலோவே. முனைவரை கார் போகும். ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டி 1830இல் விளக்கேற்றிய கலங்கரை விளக்கம் அங்கே இருக்கிறது. உள்ளே 115 படிகள், அதை அப்பா விட்டுவிடலாம். புல்தரையிலிருந்தே தெற்கே ஐல் ஆஃப் மேன், மேற்கே அயர்லாந்து, கிழக்கே கம்பிரியா. வாகான நாளில் உட்கார்ந்த இடத்திலிருந்து இத்தனை நிலங்களைப் பார்க்க இந்தக் கரையில் வேறு இடம் கிடையாது. காற்றுக்கு மட்டும் சால்வை எடுத்துவரச் சொல்லுங்கள்.

குழந்தைகளையும் நாயையும் கூட்டி வரலாமா?

ஏழெட்டு வயதுக் குழந்தைகளுக்கு ஸ்க்ரீல் பொருத்தம், பாறைத் துண்டில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாயை, குறிப்பாக ஏப்ரல் மே மாதங்களில், கயிற்றிலேயே வைத்திருங்கள். செம்மறி ஆடுகள் ஈனும் காலம் அது. கன்றோடு நிற்கும் பசுக்கள் நாயைக் கண்டால் பாய்ந்து வரும். அப்படி வந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் தப்பித்துக்கொள்ளும், நீங்களும் தப்பலாம்.

போனில் மேப் இருக்கிறது. காகித வரைபடம் எதற்கு?

குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும், மழையில் தொடுதிரை சொன்னபடி கேட்காது. பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் லாண்ட்ரேஞ்சர் வரைபடத் தொகுதியில் 84ஆம் எண் தாளில் கிரிஃபெலும் ஸ்க்ரீலும் அடங்கிவிடும். ஒரு திசைகாட்டியும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மேகம் இறங்கினால் கிரிஃபெலின் அகன்ற தலையில் எந்தப் பக்கம் வந்தோம் என்பதே குழம்பிவிடும்.

விபத்து நேர்ந்தால் 999 அழைத்து, முதலில் போலீஸ் வேண்டும் என்றும் பிறகு மலை மீட்பு வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள், கட்டணம் வாங்குவதில்லை. குரல் அழைப்புக்குச் சிக்னல் போதாத இடத்தில் குறுஞ்செய்தி போய்விடும். அதற்கு முன்கூட்டியே ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999 எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும். இதை வீட்டிலிருந்தே இப்போதே செய்யுங்கள்.

மலையடியில் ஒரு சிவப்புக் கல் இடிபாடு பார்த்தோம். அது என்ன?

நியூ ஆபி கிராமத்தின் ஸ்வீட்ஹார்ட் மடாலயம். கேலோவேயின் சீமாட்டி டெவார்கிலா, 1268இல் இறந்த கணவர் ஜான் பேலியலின் நினைவாக 1273இல் நிறுவியது. கணவரின் இதயத்தைப் பதப்படுத்தித் தந்தப் பேழையில் வைத்து, தன் ஆயுள் முழுவதும் கூடவே வைத்திருந்தார். 1290இல் அவர் இறந்தபோது அந்தப் பேழையோடு இங்கே அடக்கம் செய்யப்பட்டார். ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரிக்கு நிலையான கொடை ஏற்படுத்தியவரும் இவரே. அவருடைய மகன் பின்னாளில் ஸ்காட்லாந்தின் அரசரானார்.

மடாலயம் செம்மணற்கல், பின்னால் நிற்கும் மலை சாம்பல் நிறக் கருங்கல். மாலை வெயிலில் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தக் கருங்கல்லும் ஊர் சுற்றியதுதான். பனியூழிக் காலத்துப் பனிப்பாறைகள் கிரிஃபெலின் கற்களைக் கடல் தாண்டி வடமேற்கு இங்கிலாந்துவரை இழுத்துப் போட்டிருக்கின்றன. பக்கத்து டல்பீட்டியின் கருங்கல் கப்பலேறி லிவர்பூல் துறைமுகத்துக்கும் லண்டனின் தேம்ஸ் கரைச்சுவருக்கும் போனது.

கிரிஃபெல், ஸ்க்ரீல் இரண்டும் முடித்துவிட்டேன். அடுத்து?

கெர்ன்ஸ்மோர் ஆஃப் ஃப்ளீட், 711 மீட்டர். நியூட்டன் ஸ்டூவர்ட்டுக்குக் கிழக்கே பால்நூர் பக்கத்திலிருந்து ஏற்றம். ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். மேலே அகன்ற முதுகு, கீழே விக்டவுன் விரிகுடாவில் கிரீ ஆறு வளைந்து வளைந்து கடலுக்குப் போவது தெரியும். உச்சியில் இந்த மலையில் மோதி விழுந்த விமானங்களில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. கடலைத் தாண்டி மேகத்துக்குள் வந்த விமானிகளுக்கு முன்னால் நின்ற முதல் உயரங்களில் இதுவும் ஒன்று. மூடுபனி பற்றி மேலே சொன்னதை இங்கே இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு மெரிக், 843 மீட்டர், ஸ்காட்லாந்தின் தென் மேட்டுநிலங்களில் மிக உயரமானது. ட்ரூல் ஏரிக்கு மேலே, 1307இல் ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸ் இங்கிலாந்துப் படையை மடக்கியதை நினைவுகூரும் புரூஸ் கல்லிலிருந்து கிளம்ப வேண்டும். மெரிக் கடலோரத்தில் இல்லை, ஆனால் உச்சியிலிருந்து மேற்கே அய்ல்சா கிரெய்க் தீவு தெரியும். பனித்தளத்தில் கற்களைச் சறுக்கிவிடும் கர்லிங் விளையாட்டின் கற்களுக்குக் கருங்கல் தரும் தீவு அது. இருட்டும்வரை தங்கலாம் என்றால் இன்னும் நல்லது. மெரிக்கைச் சுற்றியுள்ள கேலோவே காடு 2009இல் பிரிட்டனின் முதல் இருள்வானப் பூங்காவாக அங்கீகரிக்கப்பட்டது.

மெரிக்கிலிருந்து வேல்ஸ் தெரியும் என்கிறார்களே, கதைதானே?

கதை இல்லை, கணக்கு. மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் தூரம் என்பது கிடைக்கும். மெரிக்கின் 843 மீட்டருக்கு 104 கிலோமீட்டர். வேல்ஸின் ஸ்னோடன் 1,085 மீட்டர், அதற்கு 118. கூட்டினால் 222. இரண்டு மலைகளுக்கும் இடையே உள்ள தூரமோ சுமார் 232 கிலோமீட்டர். பூமியின் வளைவு மறைத்திருக்க வேண்டும்.

ஆனால் ஒளி வளிமண்டலத்தில் நேர்கோட்டில் போவதில்லை, அடர்ந்த காற்றின் பக்கம் சற்று வளைகிறது. அதனால் 3.57 என்பது சராசரியாக 3.86 ஆகிவிடும். மறுபடி போட்டுப் பாருங்கள், 239 வரும். பத்து கிலோமீட்டர் பற்றாக்குறை ஏழு கிலோமீட்டர் உபரியாக மாறிவிட்டது. பிரிட்டிஷ் தீவுகளிலேயே மிக நீண்ட பார்வைக் கோடு என்று இதைச் சொல்கிறார்கள். ஸ்னோடனிலிருந்து மெரிக்கைப் படம் பிடித்தவர்களும் உண்டு. நீங்கள் போகும் நாளில் தெரியும் என்று நம்பிப் போகாதீர்கள்.

கிரிஃபெல் உச்சியில் எங்கள் குழுவில் சண்டையே வந்துவிட்டது. தூரத்தில் தெரிந்தது ஐல் ஆஃப் மேனா, ஏரி மாவட்டமா?

திசைகாட்டி இருந்தால் அரை நிமிடத்தில் தீரும் சண்டை. கிரிஃபெலிலிருந்து நேர் தெற்கே கோடு போட்டால் அது கம்பிரியாவின் செயின்ட் பீஸ் முனையில் போய் இடிக்கும். அந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் தெரியும் மலை எல்லாம் ஏரி மாவட்டம். வலப்பக்கம், தென்மேற்கில், கடலால் சூழப்பட்டுத் தனியாகத் தெரிந்தால் ஐல் ஆஃப் மேன்.

திசைகாட்டி இல்லையென்றால் நண்பகலுக்குக் காத்திருங்கள். கோடை நேரத்தில் கடிகாரம் ஏறக்குறைய ஒன்றேகால் காட்டும்போது சூரியன் நேர் தெற்கே இருக்கும், குளிர்கால நேரத்தில் பன்னிரண்டேகால் வாக்கில். வலப்பக்கம் தெரிந்த தீவு அரைமணி கழித்து உருமாறி நகர்ந்திருந்தால், இத்தனை நேரம் நீங்கள் சண்டை போட்டது ஒரு மேகத்துக்காக.